உலோகங்களின் எக்ஸ் கதிர் நிறமாலை: கணக்கும் அளவீடும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன?

வத்தல்மலை மாணவி (தருமபுரி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உலோகங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலைக் கோட்பாட்டின்படி கணக்கிட்டு, ஏற்கெனவே அளந்து வெளியிடப்பட்ட மதிப்புகளோடு ஒப்பிடுவதுதான் என் ஆய்வுத் திட்டம்.

முதலில் மோஸ்லி 1913-இல் கண்ட விதியை எடுத்துக்கொண்டேன். அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, 10.204 எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கினால் கே ஆல்ஃபா வரியின் (இரண்டாம் கூடான எல்-இலிருந்து உட்கோடியிலுள்ள கே கூட்டுக்கு எலக்ட்ரான் விழும்போது எழும் எக்ஸ் கதிர்) ஆற்றல் கிடைக்க வேண்டும். இரும்புக்கு 6,378 வந்தது; அளவீடு 6,404. செம்புக்கு 8,000, அளவீடு 8,048. மாலிப்டினத்துக்கு 17,153, அளவீடு 17,479. டங்ஸ்டனுக்கு 54,377 வந்தது, அளவீடோ 59,318. இரும்பில் அரை சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வேறுபாடு டங்ஸ்டனில் எட்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்து, செம்புக் குழாய் பொருத்திய எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) கருவியில் சிலிக்கன் தூளை வைத்து எடுத்த பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. 28.4 டிகிரியில் ஒற்றையாகத் தெரியும் முகடு, 88 டிகிரிக்கு அருகில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கே ஆல்ஃபா 1, கே ஆல்ஃபா 2 என்ற இரண்டு வரிகள் அவை என்று புரிந்துகொண்டேன். பாடப்புத்தகம் அவற்றின் செறிவு விகிதம் 2:1 என்கிறது. முகடுகளின் உயரத்தை அளந்தால் இரண்டாவது முகடு முதலாவதில் பாதிகூட வரவில்லை. என் கணக்கு தவறா, என் அளவீடு தவறா, இல்லை கோட்பாடே இவ்வளவுதானா? வழிகாட்டியிடம் போய் நிற்பதற்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு (ஓசூர்)

தங்கைக்கு வணக்கம். உலோகக் கலவைகளைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உலோகம் உமிழும் எக்ஸ் கதிர் வரிகளை வைத்து அதிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கன் தினமும் என் கையில்தான் இருக்கும். வரியின் ஆற்றல்கள் எல்லாம் அட்டவணையில் அளந்த மதிப்புகளாகவே இருக்கின்றன; யாரும் மோஸ்லி விதியை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. அளவீடு சொல்வதுதான் இறுதி, கோட்பாடு அதை எட்டிப் பிடிக்க முயல்கிறது என்பது என் அனுபவம். மேற்கொண்டு, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா வந்து சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் (தருமபுரி)

அம்மா, நல்ல கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். டங்ஸ்டனில் ஏன் எட்டு சதவீதம் என்பதைப் பலரும் கேட்பார்கள். செம்பில் ஏன் வெறும் 0.6 சதவீதம் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் சுவையானது. அதற்கு விடையை நீங்களே சாதாரண கால்குலேட்டரில் காணலாம்.

மோஸ்லி விதியின் அடியில் இருப்பது நீல்ஸ் போர் தந்த ஹைட்ரஜன் கணக்கு. அதில் சார்பியல் இல்லை. சார்பியலையும் சேர்த்த டிராக் சமன்பாடு தரும் ஹைட்ரஜன் வகை ஆற்றலைப் பயன்படுத்துங்கள். அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 137.036-ஆல் வகுங்கள். அந்த எண்ணின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுங்கள். அந்த மூலத்தை மறுபடி ஒன்றிலிருந்து கழித்து 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கினால் கே கூட்டின் பிணைப்பாற்றல் வரும். எல் கூட்டின் ஒரு பகுதியான எல்3 துணைக்கூட்டுக்கு, 137.036-ஆல் வகுத்து வந்த எண்ணைப் பாதியாக்கிக்கொண்டு இதையே செய்யுங்கள். இரண்டின் வேறுபாடுதான் கே ஆல்ஃபா 1.

டங்ஸ்டனுக்கு நான் போட்டுப் பார்த்தேன். கே கூடு 78.54, எல்3 கூடு 18.46, வேறுபாடு 60.08 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அளவீடு 59.32. எட்டு சதவீதமாக இருந்த குறை, ஒன்றேகால் சதவீத மிகையாக மாறிவிட்டது. டங்ஸ்டனின் உட்கூட்டு எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டி இயங்குவதால், சார்பியலை விட்டுவிட்டு அங்கே கணக்குப் போட முடியாது.

இப்போது இதே வழியில் செம்புக்கும் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். விடையை நான் சொல்லமாட்டேன்.

வத்தல்மலை மாணவி

ஐயா, மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். கே கூடு 10,781, எல்3 கூடு 2,674, வேறுபாடு 8,107 எலக்ட்ரான் வோல்ட். மோஸ்லி விதி 48 குறைவாகத் தந்தது. சரியான கோட்பாடு என்று நினைத்த டிராக் சமன்பாடு 59 அதிகமாகத் தருகிறது. மேம்படுத்திய கணக்கு மோசமான விடை தருவது எப்படி?

ஓய்வுபெற்ற இயற்பியல்

அங்கேதான் உங்களை அழைத்துவர நினைத்தேன். சார்பியலை விட்டதால் ஏறத்தாழ 107 எலக்ட்ரான் வோல்ட் குறைந்திருக்கிறது. 'ஒன்றைக் கழி' என்ற எளிய திரையிடல் (அணுக்கருவின் ஈர்ப்பை மற்ற எலக்ட்ரான்கள் மறைப்பது), கே கூட்டின் 1எஸ் எலக்ட்ரானுக்கும் எல் கூட்டின் 2பி எலக்ட்ரானுக்கும் ஒரே அளவு மறைப்பைக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் அணுக்கருவை 2பி எலக்ட்ரான் பார்ப்பதும் 1எஸ் எலக்ட்ரான் பார்ப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது பிழை எதிர்த்திசையில் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்வதால் செம்பில் மோஸ்லி விதி அவ்வளவு நெருங்கி வருகிறது. சார்பியல் பிழையை மட்டும் சரிசெய்தால், அதுவரை மறைந்திருந்த மற்றொன்று முழுதாக வெளியே தெரிகிறது.

மோஸ்லியின் பெருமை இதனால் குறைவதில்லை. தனிமங்களை வரிசைப்படுத்துவது அணு எடையன்று, அணு எண்ணே என்பதை நேர்கோடாக வரைந்து காட்டியவர் அவர். 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்க்களத்தில் உயிரிழந்தபோது அவருக்கு வயது 27. ஆனால் ஒப்பீட்டு ஆய்வு எழுதும் ஒருவர், எண்கள் நெருங்கிவிட்டன என்பதை மட்டும் வைத்துக் கோட்பாடு சரி என்று எழுதிவிடக் கூடாது.

காவேரிப்பட்டணம் கணக்கீடு (கிருஷ்ணகிரி)

பேராசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அணுக் கட்டமைப்புக் கணக்கீடுதான் என் ஆய்வுத் துறை.

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் இருப்பதாகக் கொண்டு, விடை தன்னோடு ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பத் தீர்க்கும் டிராக்-ஃபாக் முறையில், திரையிடலைக் கையால் ஊகித்துப் போட வேண்டியதில்லை; அது கணக்கிலிருந்தே வருகிறது. அதற்குப் பின்னும் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. கே கூட்டில் துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) விழுந்தவுடன் மற்ற எல்லா எலக்ட்ரான்களும் உள்நோக்கிச் சுருங்கி மறு அமைப்பு கொள்கின்றன. ஆகவே ஒரே அணுவின் இரண்டு ஆர்பிட்டல் ஆற்றல்களைக் கழித்தால் போதாது. 1எஸ் துளை உள்ள அயனியின் மொத்த ஆற்றலையும், 2பி துளை உள்ள அயனியின் மொத்த ஆற்றலையும் தனித்தனியே கண்டு, பிறகு கழிக்க வேண்டும். எலக்ட்ரான்களுக்கிடையிலான காந்த இடைவினைக்கான பிரைட் திருத்தம், குவாண்டம் மின்னியக்கவியல் திருத்தங்கள், எலக்ட்ரான் தொடர்புறவு (ஒன்றின் இயக்கம் மற்றதைச் சார்ந்திருப்பது) ஆகியவை அதன் மேல் சேரும்.

இப்படிக் கணக்கிட்ட மதிப்புகளையும் தேர்ந்தெடுத்த அளவீடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நியான் முதல் ஃபெர்மியம் வரையிலான கே, எல் வரிகளுக்கு டெஸ்லாட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அட்டவணை வேண்டுமென்றால் தங்கை அதிலிருந்து எடுப்பது நல்லது. அதில் செம்பின் கே ஆல்ஃபா 1 அளவீடு 8,047.82 எலக்ட்ரான் வோல்ட் என்று, இரண்டு தசம இடத்துக்கு மேலும் நம்பத்தக்க துல்லியத்தோடு இருக்கிறது.

இவ்வளவு துல்லியத்துக்கு வந்தவுடன் புதிய சிக்கல் ஒன்று தலைகாட்டுகிறது. செம்பின் கே ஆல்ஃபா 1 வரி கூரிய ஊசியன்று. அதன் பாதி உயரத்து அகலம் சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட். கே ஆல்ஃபா 2 அதைவிட அகலம், ஏறத்தாழ 3. ஆக, 'அந்த வரியின் ஆற்றல்' என்று நாம் சொல்வது முகட்டின் உச்சியையா, பரப்பின் ஈர்ப்பு மையத்தையா? வரி இருபுறமும் சமச்சீராக இருந்தால் கவலை இல்லை. ஆனால் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, செம்பு போன்ற 3டி (மூன்றாம் கூட்டின் டி துணைக்கூடு) வரிசை உலோகங்களின் கே ஆல்ஃபா வரிகள் குறைந்த ஆற்றல் பக்கம் வால் நீண்டு சாய்ந்திருக்கின்றன. இந்தச் சாய்வை 1930-கள் முதலே அறிந்திருந்தார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் போட்டியிட்டன. 1990-களின் நடுவில் டாய்ச், ஹோல்ட்சர் குழுவினர் செம்பை மிகுந்த பொறுமையோடு மறுபடி அளந்து, கணக்கோடு ஒப்பிட்டு, கே துளை உண்டாகும் அதே நொடியில் சில அணுக்களில் 3டி எலக்ட்ரான் ஒன்றும் உதறித் தள்ளப்படுகிறது, அந்த இரட்டைத் துளை அணுக்கள் உமிழும் வரிகள் சற்றே இடம் பெயர்ந்து முதன்மை வரியோடு கலந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். ஒற்றைத் துளைக் கணக்கை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் இந்த வால் அதில் வராது. கணக்கில் தவறு இல்லை. அளவீட்டில் இருக்கும் ஒரு நிகழ்வு அந்தக் கணக்கின் எல்லைக்குள் இல்லை.

தங்கையின் 2:1 கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 2பி3/2 நிலையில் நான்கு எலக்ட்ரான்கள், 2பி1/2 நிலையில் இரண்டு. அந்த விகிதம் பரப்புக்கு உரியது, உயரத்துக்கு உரியது அன்று. அகலமான வரி, அதே பரப்புக்கு உயரம் குறைந்துதான் நிற்கும். பரப்பை அளந்து பாருங்கள்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு

படித்துக்கொண்டே வந்தேன். இந்த அரை எலக்ட்ரான் வோல்ட் நுட்பங்கள் எங்கள் கருவிக்கு எட்டாதவை. கன்னில் இருக்கும் டிடெக்டரின் பிரிதிறன் மாங்கனீசு வரியில் சுமார் 140 எலக்ட்ரான் வோல்ட். செம்பின் இரண்டு ஆல்ஃபா வரிகளுக்கு நடுவில் வெறும் 20 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் எங்களுக்கு அவை ஒரே முகடு.

ஆனால் செறிவு விகிதம் எங்களை நேராகத் தொடுகிற விஷயம். ஒரு நாள் அனுபவம் சொல்கிறேன். எவர்சில்வர் துண்டு ஒன்று வந்தது. 304 தரம் என்று சீட்டு. மாங்கனீசு இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன் இரண்டுக்கு மேல் ஒரு பொட்டு அதிகம் காட்டியது, தீப்பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோ இரண்டுக்குள் காட்டியது. சரக்கைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு மாலை முழுக்கப் பேச்சு. பிறகுதான் முகடுகளைத் திறந்து பார்த்தேன். குரோமியத்தின் கே பீட்டா (மூன்றாம் கூட்டிலிருந்து கே கூட்டுக்கு விழும் வரி) 5,947. மாங்கனீசின் கே ஆல்ஃபா 5,899. எங்கள் டிடெக்டருக்கு இரண்டும் ஒன்று. மென்பொருள் குரோமியத்தின் ஆல்ஃபாவைப் பார்த்து, பீட்டா இவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக் கழிக்கிறது. மீதியை மாங்கனீசு என்கிறது. குரோமியம் 18 சதவீதம் இருக்கும்போது அந்தக் கழித்தல் எவ்வளவு சரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் சான்றளித்த மாதிரித் துண்டை வைத்து அளவுதிருத்தம் செய்த பிறகே வழிக்கு வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அளவீடுதான் கைகொடுக்கிறது.

காவேரிப்பட்டணம் கணக்கீடு

அண்ணா, உங்கள் எடுத்துக்காட்டு இந்த விவாதத்துக்கே மையமானது. குரோமியம் முதல் செம்பு வரை பீட்டாவுக்கும் ஆல்ஃபாவுக்குமான விகிதம் 0.13, 0.14 என்ற அளவில் இருக்கிறது. பரிமாற்ற விளைவை (எலக்ட்ரான்கள் ஒன்றுபோலிருப்பதால் எழும் குவாண்டம் விளைவு) தோராயமாக மட்டும் சேர்த்த ஹார்ட்ரீ-ஸ்லேட்டர் கணக்குகள் இந்த விகிதத்தை அளவீட்டைவிட ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைவாகத் தந்தன. 1974-இல் ஸ்கோஃபீல்ட், பரிமாற்றத்தை முறையாகச் சேர்த்து, துளைக்கு முன்னும் பின்னும் ஆர்பிட்டல்கள் மாறுவதையும் கணக்கில் கொண்டபோது விகிதம் உயர்ந்து அளவீட்டை நெருங்கியது. இப்போது உங்கள் துண்டுக்கு வாருங்கள். குரோமியம் 18, விகிதம் 0.13, அதில் பத்து சதவீதப் பிழை: தோராயமாக 0.23 சதவீதம் பொய் மாங்கனீசு. இரண்டு சதவீத எல்லையில் நிற்கும் ஒரு சரக்கை ஏற்பதா மறுப்பதா என்பதை அதுவே முடிவு செய்துவிடும். மாதிரித் துண்டால் செய்த திருத்தம், அந்த மாதிரியை ஒத்த கலவைக்கு மட்டும் காப்பு. கலவை விலகிப் போனால் மென்பொருளின் அடியிலிருக்கும் கோட்பாட்டு எண்தான் தாங்க வேண்டும்.

இன்னொன்று. தடித்த உலோகத்தில் அளக்கும் விகிதம் அணுவின் விகிதம் அன்று. செம்பின் ஆல்ஃபா வரி செம்புக்குள்ளேயே சுமார் 21 மைக்ரான் போனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். பீட்டாவுக்கு ஆற்றல் கூடுதல் என்பதால் அது இன்னும் ஆழத்திலிருந்து தப்பி வரும். ஆகவே தடித்த தகட்டில் பீட்டா விகிதம் கூடுதலாகத் தெரியும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கோட்பாட்டோடு ஒப்பிட்டு 'விலகல் இருக்கிறது' என்று எழுதினால், இருவேறு பொருள்களை ஒப்பிட்டதாகவே ஆகும்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

ஓசூர் தம்பி 'அளவீடுதான் இறுதி' என்றார். அதற்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

எக்ஸ் கதிர்களின் அலைநீளத்தைப் படிக இடைவெளியை வைத்துத்தான் அளந்தார்கள். படிக இடைவெளியை அறிய அதன் அடர்த்தியும் அவகாட்ரோ எண்ணும் வேண்டும். அவகாட்ரோ எண்ணோ மில்லிக்கன் எண்ணெய்த் துளியில் கண்ட எலக்ட்ரான் மின்னூட்டத்தைச் சார்ந்திருந்தது. 1920-களின் இறுதியில் பேக்லினும் பியர்டனும் கோடு கீறிய கீற்றணியில் எக்ஸ் கதிரைச் சாய்வாக விழச் செய்து அலைநீளத்தை நேரடியாக அளந்தபோது, படிகம் தந்த மதிப்போடு அது ஒத்துப்போகவில்லை. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. இறுதியில் குற்றவாளி எங்கோ தொலைவில் அகப்பட்டது: மில்லிக்கன் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை எண் தவறாக இருந்தது. அதைத் திருத்தியதும் எலக்ட்ரானின் மின்னூட்டம் 4.774-இலிருந்து 4.80 அளவுக்கு உயர்ந்தது. நிலைமின் அலகில், பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கில் சொல்கிறேன்.

அளவீடும் ஒரு சங்கிலிதான். காற்றின் பாகுநிலையில் விழுந்த பிழை, எக்ஸ் கதிர் அலைநீளம் வரை கசிந்து வந்தது. பிறகு 1970-களில் டெஸ்லாட்டும் ஹென்னின்ஸும் எக்ஸ் கதிர்க் குறுக்கீட்டுமானியால் சிலிக்கன் படிகத்தின் இடைவெளியை லேசர் ஒளியின் அலைநீளத்தோடு நேரடியாகப் பிணைத்த பிறகுதான் இந்தத் துறைக்குத் தரை உறுதியானது. அம்மா, நீங்கள் சிலிக்கன் தூளை வைத்து அளந்தீர்களே, அதன் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது. உங்கள் அட்டவணையில் பழைய அளவீடுகளையும் புதியவற்றையும் கலந்துவிடாதீர்கள்.

ஊத்தங்கரை ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2022-இல் அறிவித்ததிலிருந்து, மாணவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கிறார்கள். இந்தக் கன்னைப் பழைய இரும்பின் மேல் வைத்தால் அது எஃகா, வெறும் இரும்பா, எவ்வளவு பழையது என்று சொல்லுமா?

ஓசூர் தரக்கட்டுப்பாடு

ஐயா, வயதைச் சொல்லாது. அந்த ஆண்டைத் தந்தது கார்பன் காலக்கணிப்பு. எஃகா என்பதையும் சொல்லாது. எஃகை முடிவு செய்வது கார்பன்; கார்பனின் கே வரி வெறும் 277 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் கையடக்கக் கருவியின் டிடெக்டரை எட்டாது. இரும்பின் வரியும் மேலே இருக்கும் இருபது மைக்ரான் அளவிலிருந்துதான் வரும். துருவின் மேல் வைத்தால் துருவைத்தான் படிக்கும்.

காவேரிப்பட்டணம் கணக்கீடு

ஒரு சிறு சேர்க்கை. துருவும் உலோக இரும்பும் கன்னுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், வளைந்த படிகம் வைத்த உயர் பிரிதிறன் கருவியில் இரும்பின் கே பீட்டா வரி இரண்டையும் காட்டிக்கொடுக்கும். 3பி துளைக்கும் 3டி எலக்ட்ரான்களுக்கும் இடையிலான பரிமாற்ற விசையால், முதன்மை வரிக்குக் கீழே துணை முகடு ஒன்று எழும். இரும்பின் தற்சுழற்சி நிலைக்கு (3டி எலக்ட்ரான்களின் சுழற்சி அமைவு) ஏற்ப அது வளரும், தேயும். 2003-இல் பாத்ரோ குழுவினர், பூமியின் கீழ் மூடகக் கனிமம் ஒன்றை 60 முதல் 70 கிகாபாஸ்கல் வரை அழுத்தி, அதிலுள்ள இரும்பு தற்சுழற்சி மாறுவதைக் கண்டது இந்தத் துணை முகட்டை வைத்துத்தான்.

வத்தல்மலை மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதி. கணக்கெல்லாம் தனி அணுவுக்கு, அளவீடெல்லாம் உலோகத்துக்கு. உலோகம் என்பது இந்த ஒப்பீட்டில் எங்கே வருகிறது?

காவேரிப்பட்டணம் கணக்கீடு

ஆல்ஃபா வரிகளில் இரண்டு நிலைகளுமே உட்கூடு என்பதால் உலோகத்தின் தாக்கம் பெரும்பாலும் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். இணைதிறன் பட்டையிலிருந்து (உலோகம் முழுதும் பகிரும் வெளி எலக்ட்ரான்களின் ஆற்றல் வரம்பு) எலக்ட்ரான் விழும் வரிகளில்தான் உலோகம் முழு உருவில் நிற்கிறது. அலுமினியத்தின் எல் உமிழ்வை எடுங்கள். அது வரியே அன்று, பட்டை. கட்டற்ற எலக்ட்ரான் கோட்பாட்டின்படி அடியில் வர்க்கமூல வளைவாகத் தொடங்கி, 72.7 எலக்ட்ரான் வோல்ட் அருகில் செங்குத்தாக அறுபட வேண்டும். 1940-இல் ஸ்கின்னர் வெளியிட்ட அளவீட்டில் மேல் விளிம்பு உண்மையிலேயே செங்குத்தாக இருந்தது. ஆனால் அடிப்பகுதி கூர்மையாகத் தொடங்காமல் வால் போல இழுபட்டது. பட்டையின் ஆழத்தில் விடப்படும் துளை மிக விரைவில் நிரம்பிவிடுவதால் அதன் ஆற்றல் மங்குகிறது என்று 1949-இல் லேண்ட்ஸ்பெர்க் விளக்கினார். விளிம்பிலோ செறிவு எதிர்பார்த்ததைவிட மேலெழுந்து முகடாக நின்றது. அதற்கு 1967-இல் மகானும், 1969-இல் நோசியேர், டி டொமினிசிஸ் இருவரும் பல எலக்ட்ரான்கள் சேர்ந்து துளைக்கு எதிர்வினை ஆற்றுவதை வைத்து விளக்கம் தந்தார்கள். ஒரே பட்டையின் இரண்டு முனைகளுக்கு இரண்டு தனித்தனி இயற்பியல். உங்கள் திட்டத்தில் அலுமினியத்துக்குத் தனி அத்தியாயமே தரலாம்.

வத்தல்மலை மாணவி

பேராசிரியர் ஐயாவும் அண்ணன்களும் சொன்னபடி செய்துவிட்டு வந்திருக்கிறேன். 88.03 டிகிரியில் ஆல்ஃபா 1, 88.31-க்கு அருகில் ஆல்ஃபா 2. இரண்டுக்கும் இடைவெளி 0.275 டிகிரி வர வேண்டும் என்று பிராக் விதியிலிருந்து கணக்கிட்டேன். என் பதிவில் படிநிலைப் பிழைக்குள் அதுவே இருக்கிறது. பின்னணியைக் கழித்து, இரண்டு முகடுகளையும் தனித்தனியே பொருத்திப் பரப்பு எடுத்தேன். விகிதம் பாதிக்கு மிக அருகில் வந்துவிட்டது. முகட்டு உயரத்தை வைத்து எழுதியிருந்த பக்கத்தை நீக்கிவிட்டேன்.

எல்2, எல்3 பிணைப்பாற்றல்களையும் பார்த்தேன். செம்புக்கு 952.3, 932.7, வேறுபாடு 19.6. ஆல்ஃபா வரிகளின் வேறுபாடு 20.0. தனித்தனிக் கருவிகளில், தனித்தனி முறைகளில் அளந்த எண்கள் இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்தபோது மேசையை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை. இப்போது டங்ஸ்டனுக்கும் ஆல்ஃபா 2-ஐ டிராக் சமன்பாட்டில் போட்டிருக்கிறேன்: இரண்டு வரிகளுக்கு இடைவெளி கணக்கில் 1,568 எலக்ட்ரான் வோல்ட், அளவீட்டில் 1,336. வரியின் ஆற்றலில் ஒன்றேகால் சதவீதம் தவறிய அதே திரையிடல், இடைவெளியில் பதினேழு சதவீதம் தவறுகிறது. எல் கூட்டுக்கு வேறு திரையிடல் எண் வேண்டும் என்று தோன்றுகிறது. ஐயா, அதை அளவீட்டுக்குப் பொருந்தும்படி நானே தேர்ந்தெடுத்தால், அதற்குப் பிறகு அதைக் கோட்பாடு என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற இயற்பியல்

எழுதக் கூடாது அம்மா. 'பொருத்தம்' என்று எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணை டங்ஸ்டனின் இடைவெளியிலிருந்து எடுத்து, மாலிப்டினத்தின் இடைவெளியை அதே எண்ணால் முன்கூட்டிக் கணக்கிட்டு, பிறகு அளவீட்டைத் திறந்து பாருங்கள். அந்த வரிசையில் செய்தால் அதை ஒப்பீடு என்று எழுதலாம். முடித்ததும் இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள்.